எம்.எஸ்.டபிள்யூ. களப்பணி: பிள்ளைகளோடு வேலை பழக எந்த இடம் தேறும்?

ஜூலை பிறந்தால் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) வகுப்புகளில், களப்பணிக்குப் போகும் நிறுவனம் பற்றி ஒரே பேச்சுதான்: "உனக்கு எந்த ஏஜென்சி?" பேர்போன என்.ஜி.ஓ. கிடைத்தவர் அன்றைக்கே ஸ்டேட்டஸ் போட்டுவிடுவார். கூர்நோக்கு இல்லமோ ஊர்க்கோடியில் ஒரு மாலை நேர மையமோ விழுந்தவர், மாற்றித் தரச் சொல்லி துறைத்தலைவர் அறை வாசலில் நிற்பார். இரண்டு வருடம் கழித்து வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டால், கணக்கு பல தடவை தலைகீழாக இருக்கும். அதனால் இங்கே எந்த நிறுவனத்தின் பெயருக்கும் மதிப்பெண் போடவில்லை. பிள்ளைகளோடும் இளவட்டங்களோடும் வேலை பழக சென்னை மாதிரி ஊரில் ஒரு மாணவருக்குக் கிடைக்கும் இடங்களை வகை பிரித்து, எது தேறும், எங்கே நாள் வீணாகும் என்று பார்க்கலாம்.

முதலில் சரக்கு என்ன என்பது. வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு ஏழெட்டு மணி நேரம். ஒரு பருவத்துக்கு 24 முதல் 30 நாள் வரை வரும். கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். நடுவில் ஒரு வாரம் பத்து நாள் கிராம முகாம். கடைசியில் ஏறக்குறைய ஒரு மாதம் தொடர்ச்சியாக பிளாக் ப்ளேஸ்மென்ட். உதவித்தொகை பெரும்பாலும் கிடையாது. பஸ்ஸும் மதியச் சாப்பாடும் சொந்தக் காசு. பெண்கள் சாதாரணக் கட்டண பஸ்ஸில் போனால் ஒரு செலவு மிச்சம். 1936-ல் பம்பாயில் டாடா பள்ளி, 1952-ல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் என்று வந்த இந்தப் படிப்பில் பாதி உயிர் களப்பணியில்தான் இருக்கிறது. கட்டணம் கட்டுகிற மாணவருக்கு அந்தப் பாதி ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று கேட்க உரிமை உண்டு.

இடத்தை எடைபோட மூன்று கேள்வி போதும். ஒரே பிள்ளையை எத்தனை தடவை பார்க்க முடியும்? எழுதுகிற ரெக்கார்டை (களப்பணிக் குறிப்பேட்டை) யார் வாசிப்பார், எந்தக் கிழமை? ஒரு வேலையைத் தொடங்கி முடிவு வரை கொண்டுபோக விடுவார்களா, இல்லை பக்கத்தில் நின்று பார்க்க மட்டுமா? முதல் நாள் சந்திப்பிலேயே இதைக் கேட்டுவிட வேண்டும். "எங்க கூட இருந்து பாரும்மா, தானா கத்துக்குவ" என்று பதில் வந்தால், அங்கே மேற்பார்வை என்று ஒன்று இல்லை என்று அர்த்தம்.

கூர்நோக்கு இல்லம்: ஐந்துக்கு நாலரை

அந்த அரை மதிப்பெண் அனுமதி வாங்கும் அலைச்சலுக்காகக் குறைந்தது. கல்லூரிக் கடிதம், துறையின் எழுத்து அனுமதி, சில இடங்களில் போலீஸ் சரிபார்ப்பு என்று வாரக்கணக்கில் இழுக்கும். வகுப்பு தொடங்கிய பிறகு விண்ணப்பித்தால் முதல் பருவத்தில் மூன்றிலொரு பங்கு வாசலிலேயே போய்விடும்.

சட்டத்தோடு மோதியதாகச் சொல்லப்படும் 18 வயதுக்கு உட்பட்டவர்கள், இளைஞர் நீதிக் குழுமத்தின் விசாரணை நடக்கும்போது தங்கவைக்கப்படும் இடம் இது. குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண். சமூகப்பணி படித்தவர் மாஜிஸ்திரேட்டுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முடிவெடுப்பதை வேறு எங்கே பார்ப்பது? 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தை வகுப்பில் மூன்று தடவை படித்தாலும் ஏறாதது, குழுமம் கூடும் ஒரு காலைப் பொழுதில் ஏறிவிடும். பிடிபட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்பது வகுப்பில் வெறும் வரி. இங்கே அது, வெளியூரிலிருந்து தகவல் கேட்டு அலறிக்கொண்டு வரும் அம்மா நேரத்துக்கு வந்து சேர்வாரா என்ற கவலை.

பைக்குள் என்ன வைக்கலாம் என்பதை முதலில் சொல்லிவிடலாம், யாரும் சொல்லித்தருவதில்லை. சார்ட் பேப்பர், கிரேயான், ஸ்கெட்ச் பேனா எடுத்துப் போகலாம். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். பென்சிலை வீட்டிலேயே சீவிக்கொண்டு போக வேண்டும், ஷார்ப்பனர் கூடாது. அதன் சின்னத் திருகை நகத்தால் கழற்றினால் உள்ளே இருப்பது பிளேடு. கத்தரிக்கோலைத் தவிர்க்கத் தெரிந்தவர்கள்கூட இதில் கோட்டை விடுவார்கள். ஒயிட்னர், பஞ்சர் சொலூஷன் வகைப் பசை இரண்டும் கூடவே கூடாது. முகர்ந்து பழகிய பையன் ஒருவன் இருந்தால் போதும், அன்றைய குரூப் வொர்க் (குழுவாகச் செய்யும் பணி) அதோடு முடிந்தது. ஒட்ட வேண்டுமென்றால் சோற்றுப் பசை. போன் வாசலிலேயே தங்கும்.

முதல் வாரத்தில் புதியவர் எல்லாரும் செய்யும் பிழை, "என்ன கேஸ்ல வந்தே?" என்று கேட்பது. போலீஸ் கேட்டது அது, வக்கீல் கேட்டது அது, கூட இருக்கும் பையன்கள் கேட்டதும் அதுதான். நாலாவதாக அக்காவும் கேட்டால், அவர்களுக்குச் சொன்ன அதே பதில்தான் வரும். விசாரணை நடக்கும் வழக்கைப் பற்றி ஒரு மாணவர் தோண்டித் துருவுவது முறையும் இல்லை. கேரம் போர்டு பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் யார் சமைப்பார்கள் என்று தொடங்கினால் பேச்சு தானாக ஓடும். வீட்டு அமைப்பும், யார் யாரோடு பேசுவதில்லை என்பதும், அப்பா வாரத்தில் எத்தனை நாள் வருவார் என்பதும் அந்த ஒரு சமையல் பேச்சிலேயே வந்துவிடும். ஜீனோகிராமில் (குடும்ப உறவுகளை வரைந்து காட்டும் படத்தில்) பாதியை வீட்டுக்குப் போய் அன்று ராத்திரியே போட்டுவிடலாம்.

குரூப் வொர்க்கில்தான் பாடப்புத்தகம் காலை வாரும். எட்டுப் பத்து பேர் கொண்ட மூடிய குழு, பத்து அமர்வு, ஒவ்வொரு அமர்வும் முந்தையதன் தொடர்ச்சி என்று திட்டம் எழுதிக்கொண்டு வருவார்கள். பிள்ளைகள் பலர் சில நாளிலேயே ஜாமீனில் போய்விடுகிற இடத்தில் இது நிற்காது. மூன்றாவது வாரம் வரும்போது முதல் வாரத்து முகங்களில் இரண்டு மிஞ்சினாலே அதிகம். இங்கே ஒவ்வொரு அமர்வும் அன்றைக்கே முடிகிற மாதிரி இருக்க வேண்டும்: 45 நிமிடம், ஒரு விளையாட்டு, ஒரு பேச்சு, ஒரு முடிப்பு. வருடக்கணக்கில் ஒரே பிள்ளைகள் இருக்கும் குழந்தைகள் இல்லத்தில் பத்து அமர்வுத் தொடர் அழகாக ஓடும். இரண்டு இடத்துக்கும் ஒரே திட்டத்தை நகலெடுத்துத் தருகிற மாணவர் இன்னும் கூர்நோக்கு இல்லத்தைப் பார்க்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும், அவர் அங்கே 20 நாள் போய் வந்திருந்தாலும்.

இந்த இடத்தின் பெரிய வரம் சமூக விசாரணை அறிக்கை, அதாவது பிள்ளையின் வீடு, குடும்பச் சூழல் பற்றி விசாரித்து எழுதுவது. நன்னடத்தை அலுவலர் அதை 15 நாளுக்குள் குழுமத்துக்குத் தர வேண்டும். அவர் கையில் எப்போதும் கோப்பு குவிந்திருப்பதால், கவனமாக வேலை செய்கிற மாணவரை வீடு பார்க்க உடன் அழைத்துப் போவார். கையெழுத்து அவருடையதுதான், மாணவர் எழுதித் தருவது குறிப்பு மட்டுமே.

வீடு பார்ப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தெருமுனையில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கையில் பேடோடு, பையன் பெயரைச் சொல்லி வழி கேட்டால், அந்தத் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிடும். அட்டை பைக்குள் இருக்கட்டும். கதவு எண்ணையோ பக்கத்துக் கடையையோ சொல்லிக் கேட்க வேண்டும். அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர் என்றால் காலை 11 மணிக்குப் போய் பயனில்லை. பூட்டுதான் இருக்கும், பக்கத்து வீட்டார்தான் பேசுவார்கள். பக்கத்து வீட்டார் சொன்னதை 'குடும்பப் பின்னணி' என்ற கட்டத்தில் எழுதிவிடுவதுதான் அறிக்கையில் நடக்கும் மோசமான தவறு. "அவங்கப்பன் மேலயும் கேஸ் இருக்கு" என்று ஒரு வாயிலிருந்து வந்தது, எழுத்தில் ஏறினால் பையனுக்கு ஜாமீனில் வில்லங்கம். யார் சொன்னது, அவருக்கு அது எப்படித் தெரியும் என்று எழுத முடியாததை எழுதக் கூடாது. குடும்பத்தில் யார் யார் என்பதற்கு ரேஷன் ஸ்மார்ட் கார்டைக் கேட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. கொடுக்கிற டீயைக் குடித்துவிட வேண்டும்.

அந்த டீ முடியும்போது அம்மா ஒரு கேள்வி கேட்பார்: "எம்புள்ளைக்கு இனிமே கவர்மெண்டு வேலை கிடைக்காதா மேடம்?" இதற்குத் தயாராகப் போக வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, இந்த வழக்கினால் பிள்ளைக்கு எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது. 16 வயது முடிந்து, கொடுங்குற்றத்தில் பெரியவராகவே விசாரிக்கப்பட்டால் மட்டும் விலக்கு. இதை அந்த அம்மாவின் மொழியில் இரண்டு வாக்கியத்தில் சொல்லத் தெரிந்த நாளில், ஒரு மாணவர் சட்டம் படித்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளலாம். "எல்லாம் நல்லதே நடக்கும்மா" என்று தோளைத் தட்டிவிட்டு வருவது முதல் பருவம்.

திறந்த தங்குமிடம், ரயில் நிலைய உதவி மையம்: மூன்றரை

சென்ட்ரல், எழும்பூர் மாதிரிப் பெரிய நிலையங்களில் வீட்டைவிட்டு வந்த பிள்ளைகளைக் கண்டு பேசும் வேலை. பரபரப்பு அதிகம், கண் கூர்மையாகும். பிளாட்பாரத்தில் தனியாக நிற்கும் பையனையும், அம்மா தண்ணீர் பிடிக்கப் போனதால் நிற்கும் பையனையும் ஒரே பார்வையில் பிரித்தறிய ஒரு மாதமாவது ஆகும். பையும் செருப்பும்தான் முதல் தடயம். பை இல்லாமல், ரயில் வந்தும் ஏறாமல், மூன்றாவது தடவையும் அதே இடத்தில் இருக்கிற பிள்ளையிடம் போய்ப் பேசலாம். தனியாகப் போகக் கூடாது. மையத்தின் பணியாளரோ ரயில்வே பாதுகாப்புப் படையினரோ கூட இருக்க வேண்டும்.

கண்டெடுத்த பிள்ளையைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். அதோடு அந்தப் பிள்ளை மாணவரின் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. குழு வீட்டுக்கு அனுப்பியதா, இல்லத்துக்கா, அப்பா திரும்பவும் அடித்தாரா, எதுவும் தெரியாது. கதையின் முதல் அத்தியாயத்தை மட்டும் முப்பது தடவை வாசிக்கிற இடம் இது. மதிப்பெண் குறைந்தது அதனால்தான். இங்கே விழுந்தவர்கள், அனுப்பிய பிள்ளைகளில் இரண்டு பேரின் தொடர்கதையையாவது மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகப் பின்தொடர மேற்பார்வையாளரிடம் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும்.

மறுகுடியமர்வுப் பகுதியின் மாலை மையம்: ஐந்துக்கு ஐந்து, உழைப்பவருக்கு மட்டும்

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். நகரத்தின் ஆற்றோரங்களிலிருந்தும் கால்வாயோரங்களிலிருந்தும் பெயர்த்து வைக்கப்பட்ட குடும்பங்கள், ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் வாரியக் குடியிருப்புகளில் வாழும் இடங்கள். இங்கே வேலை மாலை நாலரைக்குத்தான் சூடுபிடிக்கும். கல்லூரி நேரப்படி ஒன்பதரைக்குப் போய் நாலரைக்குக் கிளம்புகிறவருக்கு இந்த இடம் சுழியம். நேரத்தை மதியம் 12 முதல் இரவு ஏழரை என்று மாற்றிக்கொள்ளத் துறை ஒப்புக்கொள்ளுமா என்பதை முதலில் பேசிவிட வேண்டும். திரும்பிப் போகும் பஸ்ஸையும் யோசித்துக்கொண்டு.

வந்ததும் சர்வே எடுக்கத் தோன்றும். எடுக்க வேண்டாம். இந்தப் பிளாக்குகளில் எத்தனையோ கல்லூரிகள் சர்வே எடுத்துவிட்டுப் போய்விட்டன, "எத்தனை தடவைம்மா எழுதுவீங்க?" என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் ஒரே ஒரு பிளாக், அதில் பள்ளிக்கூடம் நின்ற பிள்ளைகள். பக்கத்து அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் போனால், எமிஸ் என்ற பள்ளிக்கல்வித் தகவல் தளத்தில் 'காமன் பூல்' என்று ஒரு பட்டியல் இருக்கும்: ஒரு பள்ளியிலிருந்து பெயர் நீக்கப்பட்டு இன்னொன்றில் சேராத பிள்ளைகள். அந்தப் பட்டியலை நகலெடுத்துக் கேட்பது சரியல்ல. உங்கள் பிளாக்கில் இருக்கும் பெயர்களை ஆசிரியரோடு உட்கார்ந்து சரிபார்த்து, அவரோடோ மையப் பணியாளரோடோ வீட்டுக்குப் போகலாம்.

காரணங்கள் மேலே ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கும். "படிப்பு ஏறலை" என்று அம்மா சொல்வார். கொஞ்சம் உட்கார்ந்தால், கல்வியாண்டு நடுவில் வீடு மாற்றியதும், புதுப் பள்ளியில் சேர டி.சி. கேட்டதும், அதை வாங்க ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பழைய பகுதிக்குப் போக முடியாததும் வெளிவரும். கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, டி.சி. வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது. ஆறு வயது முதல் 14 வரை இது செல்லும். இதைச் சண்டையாகச் சொன்னால் தலைமை ஆசிரியர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கல்லூரிக் கடிதத்தோடு போய், "டி.சி.யை நாங்க பதினஞ்சு நாள்ல வாங்கித் தந்துடறோம் சார், பையன் திங்கள்கிழமையிலிருந்து உட்காரட்டும்" என்றால் பெரும்பாலும் காரியம் நடக்கும்.

பதின்ம வயது ஆண்பிள்ளைகள் விட்டு விட்டு வராமல் போகிறார்களா? வருகைப் பதிவேட்டையும் முகூர்த்த நாள் காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கேட்டரிங் வேலைக்குப் போகிற பையன் ஆவணியிலும் தையிலும் காணாமல் போவான், மார்கழியில் ஒழுங்காக வருவான். ஒழுக்கக் குறைவு என்று ஆசிரியர் நினைத்தது வீட்டு வருமானமாக இருக்கலாம். 14 வயதுக்குக் கீழ் என்றால் இது சட்டமீறல். மேலே என்றால், எந்த வேலை, எத்தனை மணி வரை என்று பேச வேண்டும்.

சேர்த்துவிட்டோம் என்று படம் எடுத்துக்கொள்வதோடு முடித்தால் அந்தப் பிள்ளை திரும்ப நின்றுவிடும். ஒன்பதாம் வகுப்பில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புப் பத்தியை எழுத்துக்கூட்டத்தான் வருகிறது என்றால், அவமானத்துக்கு எத்தனை நாள் தாங்கும்? முதல் நாலு வாரம், வாரம் இருமுறை வருகையைப் பார்ப்பதும், மாலை மையத்தில் தினம் அரைமணி நேரம் வாசிப்பும்தான் வேலையின் முக்கால் பங்கு. பெற்றோரில் ஒருவர் இல்லாத, வருமானம் குறைந்த வீடு என்றால் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் நிதி ஆதரவு ஒரு பிள்ளைக்கு மாதம் ₹4,000 வரை தரும். நகர்ப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் ₹96,000-க்குள், கிராமத்தில் ₹72,000-க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில். பெரும்பாலும் சிக்குவது இரண்டு இடத்தில்: வருமானச் சான்றில் பழைய முகவரி, பிள்ளையின் வங்கிக் கணக்கில் ஆதாரோடு பொருந்தாத இனிஷியல். இந்த இரண்டையும் முதல் வாரத்திலேயே சரிசெய்யத் தொடங்கினால், பருவம் முடிவதற்குள் விண்ணப்பத்தைப் போட்டுவிடலாம்.

மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகும், குழந்தைகள் உதவி எண் 1098-உம்: மூன்று. 1996-ல் பம்பாயில் தொடங்கிய சைல்டுலைன் 2023-ல் அரசின் நேரடிக் கையாளுகைக்கு வந்து அவசர உதவி எண் 112-ஓடு இணைந்துவிட்டது. சீனியர்கள் சொல்லும் "சைல்டுலைன் என்.ஜி.ஓ.வில் சேர்ந்துவிடு" என்ற யோசனை காலாவதி, இப்போது மாவட்ட அலகு வழியாகப் போக வேண்டும். குழந்தைத் திருமணம் தடுக்கும் நடைமுறையைக் கற்க இதைவிட நல்ல இடம் இல்லை. வயதுச் சான்றுக்கு முதலில் பள்ளி ஆவணம், அது இல்லாவிட்டால் உள்ளாட்சிப் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோது மட்டும் எலும்பு வயதுச் சோதனை என்ற வரிசை விரல்நுனிக்கு வந்துவிடும். மற்ற நாளெல்லாம் ஃபைல் அடுக்கவும் எக்செல் நிரப்பவும் வைப்பார்கள் என்பதால் மூன்றுக்கு மேல் போடமுடியவில்லை.

அரசுப் பள்ளி: இரண்டரையிலிருந்து நாலு, தலைமை ஆசிரியரைப் பொறுத்து. தனியாகப் பேச ஓர் அறை இல்லாவிட்டால் கேஸ் வொர்க் (ஒரு பிள்ளையோடு தனியாகச் செய்யும் பணி) இல்லை; லேபில் ஆள் இல்லாத பீரியடைக் கேட்டு வாங்கலாம், கதவு திறந்திருக்க வேண்டும், பேச்சு வெளியே கேட்கக் கூடாது. "இவனுக்குக் கொஞ்சம் கவுன்சலிங் குடுங்க" என்று வகுப்பு நடுவில் எழுப்பி அனுப்பினால் அந்தப் பையனுக்கு அது தண்டனை. கார்ப்பரேட் சி.எஸ்.ஆர். (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் நடக்கும்) மையத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை: பேனர், பரிசுப்பை, போட்டோ.

ரெக்கார்டு

எந்த இடம் வாய்த்தாலும் மாணவர் வளர்ந்தாரா என்பதை ரெக்கார்டில் பார்க்கலாம். முதல் பருவ ரெக்கார்டில் இப்படி ஒரு வரி இல்லாமல் இருக்காது: "சிறுவன் சோகமாகக் காணப்பட்டான். அவனுக்கு ஆறுதல் கூறி, நன்றாகப் படிக்குமாறு ஆலோசனை வழங்கினேன்." இதை வாசிக்கிற மேற்பார்வையாளருக்கு ஒன்றுமே தெரியாது. சோகம் என்று எப்படித் தெரிந்தது? என்ன வார்த்தையில் ஆறுதல்? அவன் என்ன சொன்னான்?

அதே சந்திப்பு, ஒழுங்காக எழுதினால் இப்படி இருக்கும்: "பத்து நிமிடம் பேசவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். 'சாப்பிட்டியா' என்றேன். 'அம்மா வந்தாங்களா' என்று திருப்பிக் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. 'நல்லா படி' என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவன் என்னைப் பார்க்கவே இல்லை." இதை எழுதுகிறவருக்கு எங்கே வழுக்கியது என்று தெரிந்திருக்கிறது. அடுத்த சந்திப்பில் "அம்மா வந்தாங்களான்னு கேட்டே, விசாரிச்சேன்" என்று தொடங்குவார்.

பக்கத்தை மூன்றாகப் பிரிப்பது வசதி: பேசியது, மனதில் ஓடியது, ஏன் அப்படிச் செய்தேன். நடு வரிசையைப் பலர் காலியாக விடுவார்கள், மதிப்பெண் குறையும் என்று பயந்து. கோபம், அருவருப்பு, பயம், 'இவனை வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாமா' என்ற எண்ணம் எல்லாம் அங்கேதான் எழுத வேண்டும். அந்த வரிசையை வாசித்துக் கேட்கிற ஆசிரியர் கிடைத்தால் மற்ற வசதிக்குறைவை எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அன்றைய குறிப்பை அன்றிரவே எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இரண்டு நாளையும் சேர்த்து எழுதினால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி பேசுவார்கள். ரெக்கார்டில் பிள்ளையின் உண்மைப் பெயர், பள்ளி, தெரு எதுவும் கூடாது. ஓர் எழுத்து போதும். அதை ஜெராக்ஸ் கடையில் மறந்துவிட்டு வருகிறவர்களும் உண்டு.

நாலு பருவ ரெக்கார்டையும் வரிசையாக வைத்துப் புரட்டினால் 'பாவம்', 'மோசமான சூழல்', 'ஊக்கப்படுத்தினேன்' எல்லாம் மெல்ல உதிர்ந்து, பிள்ளை சொன்ன வார்த்தைகள் கூடிக்கொண்டே வரும். மூன்றாம் பருவத்தில் ஐந்து நிமிட மௌனத்தை மௌனமாகவே எழுதியிருந்தால் ஆள் தேறிவிட்டார். அப்படி எதுவும் மாறாத ரெக்கார்டும் உண்டு. தேதியை மட்டும் மாற்றி சீனியரிடம் வாங்கியது.

சறுக்கும் இடங்கள்

போன் நம்பர். பதினாறு வயதுப் பெண் "அக்கா, நம்பர் குடுங்க" என்று கேட்கும்போது மறுப்பது கஷ்டம். கொடுத்தால் ராத்திரி பதினொன்றரைக்கு அழைப்பு வரும், எடுக்காவிட்டால் நம்பிக்கை போகும், எடுத்தால் கல்லூரி முடிந்த பிறகும் தொடரும். மையத்தின் எண்ணையும் 1098-ஐயும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பதே சரி. மனசு சரியில்லாத நேரத்துக்கு மனநல உதவி எண் 14416. இன்ஸ்டாவில் பின்தொடரும் கோரிக்கையும் இதே கணக்கு.

போட்டோ. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, ₹2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தில் ஸ்மைலி ஒட்டிவிட்டு இல்லத்தின் பெயர்ப்பலகையோடு போட்டால் மறைத்ததாக ஆகாது.

ரகசியம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று ஒரு பிள்ளை தொடங்கும்போது சத்தியம் செய்துவிடக் கூடாது. பாலியல் வன்கொடுமை என்றால் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும்) சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி தெரியப்படுத்தியே ஆக வேண்டும். மாணவர் என்பதால் விலக்கு இல்லை. "உனக்கு ஆபத்துன்னா மட்டும் ஒருத்தர்கிட்ட சொல்ல வேண்டியிருக்கும், யார்கிட்டன்னு உனக்கு முன்னாடியே சொல்லிடுவேன்" என்று முதல் சந்திப்பிலேயே சொல்லி வைக்க வேண்டும். பிள்ளை சொல்லத் தொடங்கினால் துருவிக் கேள்வி கேட்காமல், சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி, அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் போக வேண்டும். நாளை என்று தள்ளக் கூடாது.

விடைபெறுவதைக் கடைசி நாளில் செய்கிறார்கள், கேக் வெட்டி. ஏற்கெனவே பலர் சொல்லாமல் விட்டுப்போன பிள்ளைகள் இவர்கள். கடைசி நாலு வருகைக்கு முன்பே, "இன்னும் நாலு தடவைதான் வருவேன்" என்று சொல்ல வேண்டும். அடுத்த வாரம் "மூணு". நடுவில் ஒரு வாரம் பிள்ளை முகம் கொடுக்காது, குரூப்புக்கு வராது, முன்பு விட்ட பழக்கத்தைத் திரும்பச் செய்யும். அதைத் தோல்வி என்று ரெக்கார்டில் எழுத வேண்டாம். பரிசு கொடுத்தால் எல்லாருக்கும் ஒரே மாதிரி, ஒரு பேனா அளவில். கேஸ் வொர்க் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி மையத்தில் விட்டுவிட்டு வர வேண்டும்: இதுவரை என்ன பேசியது, எந்த விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது, டி.சி. வந்ததா, எந்தப் பேச்சை எடுத்தால் வாயை மூடிக்கொள்கிறது. அடுத்த ஜூலையில் வரும் புது அக்காவோ அண்ணனோ முதல் நாள் திறக்க வேண்டிய தாள் அது.